நாலு கட்டத்திலும் ஒரே பெயர்

என் நாத்தனாரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் இரண்டிலேயே எனக்கு மூச்சு வாங்கிவிடும். கெட்டதாகச் சொல்லச் சொல்லுங்கள், பொழுது போவது தெரியாமல் பேசுவேன். ஆனாலும் அவள் கதையை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளாகச் சொல்ல மாட்டாள். சொன்னாலும் பாதியை விழுங்கிவிடுவாள்; அந்தப் பாதியில்தான் நான் இருக்கிறேன்.

ஆபீஸில் அவளுக்குக் கொக்கி என்று பெயர். யார் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அதில் ஒரு கொக்கி போடாமல் திருப்பித் தர மாட்டாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த ஒருவரிடம், வாழ்த்து சொல்வதற்கு முன்னால், "இந்தத் தேதி வியாழக்கிழமை இல்ல, வெள்ளிக்கிழமை" என்று சொல்லி அனுப்பியவள் அவள். ஐந்நூறு பத்திரிகை அச்சாகிவிட்டிருந்தது. அவள் சொன்னது சரி. எப்போதும் சரியாகத்தான் சொல்வாள். அவளிடம் தாங்க முடியாததே அதுதான்.

அப்பா இறந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது, அவள் தம்பிக்குப் பன்னிரண்டு. அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். அவள் டெலிபோன் கம்பெனியில் நம்பர் விசாரிக்கும் பிரிவில் சேர்ந்து, பகலெல்லாம் ஊராருக்கு நம்பர் சொல்லிக்கொண்டு, சாயங்காலம் டிப்ளமா படித்து, மெஷின் பார்க்கும் வேலைக்கு உயர்ந்தாள். தம்பியைப் படிக்கவைத்தாள். தனக்குக் கல்யாணம் பேச வந்த ஒருவரிடம் அவர் பார்க்கும் வேலையைப் பற்றியே மூன்று கேள்வி கேட்டாளாம்; மூன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லையாம். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. "வந்தா மட்டும் என்ன?" என்பாள். அம்மாவும் போன பிறகு, தம்பிதான் உலகம் என்று ஆகிவிட்டது. அந்த உலகத்துக்குள் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள் நான். என் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் வேடிக்கை, என்னைத் தம்பிக்குப் பார்த்துப் பேசி முடித்ததே அவள்தான். நான் அதே கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சேர்ந்த மூன்றாம் மாதம் அவள் எழுதிய வேலைத்தாள் ஒன்றில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தேன். மறுவாரமே எங்கள் வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் பேசினாள். என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சி வந்திருக்கிறாள் என்று எல்லாரும் பூரித்துப்போனார்கள். நானும்தான். தன் பிழையைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவளைக் கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ள வந்தாள் என்பது கழுத்தில் தாலி ஏறின பிறகுதான் எனக்கு விளங்கியது.

வீட்டில் மாடி அவளுக்கு, கீழ்த்தளம் எங்களுக்கு. தண்ணீர்த் தொட்டி அவள் பக்கம், மோட்டார் சுவிட்ச் எங்கள் பக்கம். தொட்டி நிரம்பினால் தரையில் இரண்டு தட்டு தட்டுவாள், நான் அணைக்க வேண்டும். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் நான் எழுந்துபோயிருக்காவிட்டால் மூன்றாவதாக ஒரு தட்டு விழும் பாருங்கள், அதில் என் பரம்பரைக்கே வசவு இருக்கும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மாமியார் இல்லாத குறையை இவள் தீர்த்துவைத்தாள். அவள் ஈரத்துணியைப் போட்டால் அது கொடி, நான் போட்டால் வழியை அடைக்கிற குப்பை.

ஆபீஸிலோ ஒரே மாடி, ஒரே அறை. மூன்றாவது மாடியில் மெஷின் ரூம். உள்ளே போனால் குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள வேண்டும். மின்விசிறிகளின் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். எங்கள் இருவருக்கும் அது வசதியாகப் போயிற்று. அங்கே மூன்று பெட்டிகள் இருந்தன. நீங்கள் ஒருவருக்குப் போன் போட்டால், மணியடிக்கும் முன் அதற்குள் சில வேலைகள் நடக்கின்றன. கூப்பிடுகிறவருக்கான வேலையை முதல் பெட்டி பார்க்கும்: இவர் பேசலாமா, இவர் நம்பரைக் காட்டலாமா என்பதெல்லாம். யாரைக் கூப்பிடுகிறோமோ அவருக்கான வேலை இரண்டாவது பெட்டிக்கு: அவர் தன் போனை வேறு நம்பருக்குத் திருப்பிவிட்டிருக்கிறாரா என்று பார்த்து அனுப்பும். ஒரே நம்பருக்குப் போட்டால் பத்துப் பேர் போனில் மணியடிக்கிற குழு வேலை மூன்றாவது பெட்டிக்கு. ஒரு பெட்டி, ஒரு வேலை.

எங்களுக்கும் அப்படித்தான். பெட்டிகளில் எதை மாற்றினாலும் ஒரு வேலைத்தாள் எழுத வேண்டும். கடைசிப் பக்கத்தில் நாலு கட்டம்: திட்டமிட்டவர், செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். ஒரு பெயர் இரண்டு கட்டத்தில் வரக்கூடாது என்பது விதி. அவள் செய்தவர். நான் ஒன்பது வருஷமாகச் சரிபார்த்தவர். சொந்தக்காரர்கள் ஒருவர் வேலையை ஒருவர் சரிபார்க்கலாமா என்று ஆரம்பத்தில் யாரோ ஆட்சேபித்தார்கள். எங்கள் இருவரையும் ஒரே மேஜையில் பத்து நிமிஷம் உட்காரவைத்துப் பார்த்தார்கள், அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. எலியும் பூனையும் பாசத்தால் தப்பை மறைக்கப் போவதில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்தது அதை வைத்துத்தான். செய்தவர் தான் செய்ததைச் சோதித்துப் பார்ப்பார். சரிபார்ப்பவள் யாரும் நினைக்காததைச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் அவளுடைய சோதனைப் பட்டியலுக்கு அடியில் நான் என் கையால் நாலைந்து வரி சேர்ப்பேன். அதில் ஒன்று எப்போதும் இருக்கும்: லீவு நாளில் ஆபீஸ்காரர்கள் தங்கள் நம்பரைத் திருப்பிவிடுவார்களே, அது ஒழுங்காகப் போகிறதா என்பது. அவள் அதை ஒருநாளும் எழுதமாட்டாள். அது என் வரி என்று விட்டுவிடுவாள்.

இந்த நேரத்தில்தான், சிக்கனம் என்று நாங்கள் பெயர் வைத்த மேனேஜர் வந்து சேர்ந்தார். தீர்ந்துபோன பழைய ரீஃபிலைக் காட்டினால்தான் புதுப் பேனா தருகிற மனிதர். வந்த ஆறாம் மாதம் மூன்று பெட்டிகளையும் எடுத்துவிட்டு ஒரே பெட்டி வைக்கப்போவதாக அறிவித்தார்.

"மூணு வேலையும் அதுவே பாக்கும். கரன்ட் மிச்சம், ஏசி மிச்சம், எடம் மிச்சம். ஒரே கல்லுல மூணு மாங்கா. என்ன சொல்றீங்க?" என்று என் நாத்தனாரைப் பார்த்தார்.

அவள் இரண்டு வாரம் படித்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னாள். "தாங்கும்."

அதுவும் சரிதான். பெட்டிமேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பெட்டி மூன்று வேலை பார்க்கலாம், முப்பதுகூடப் பார்க்கலாம். இந்தக் கணம் எந்த வேலையாக நிற்கிறோம் என்பது அதற்குத் தெரிந்திருந்தால் போதும். ஆனால் சிக்கனத்துக்கு ருசி கண்டுவிட்டது.

"பெட்டியே மூணு வேலை பாக்கும்போது ஆளுங்க மட்டும் எதுக்கு ஒரு வேலைக்கு ஒருத்தரா?" என்றார்.

திட்டமிடுகிறவருக்கு முன்கூட்டியே ஓய்வு கொடுத்தார்கள். ஒப்புதல் தருகிற பதவியையே எடுத்துவிட்டார்கள். என்னைக் கீழே புகார் கவுன்ட்டரில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். நாலு கட்டமும் அவளுக்கு. அவர் இதைச் சொன்னபோது நானும் இருந்தேன், அதனால் இதை மறைக்க மாட்டேன்: அவள் கேட்டாள்.

"ஒரே பேரு ரெண்டு கட்டத்துல வரக்கூடாதே, சார்."

"அது பழைய விதி. நான் சொல்றேன், போட்டுக்கோங்க."

"எழுதிக் குடுங்க."

"எழுதறதுக்கென்ன, அடுத்த வாரம் தரேன்."

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. அவளும் நாலு கட்டத்திலும் தன் பெயரைப் போடத் தயாராகிவிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் கொக்கி போட்டவள், என்னைத் தூக்கிக் கீழே போடும்போது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையே! தன்னைத் தவிர யாரும் வேண்டியதில்லை என்ற மிதப்பு என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். "அக்கா விஷயத்துல என்னை இழுக்காத" என்று அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். அவருக்கு எல்லாப் பிரச்சினைக்கும் அந்த ஒரு பொத்தான்தான்.

புதுப் பெட்டிக்கு மாறுவதற்கு முதல் நாள், சாயங்காலம் ஆறு மணி இருக்கும். அடுப்படி மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வந்தாள். என் அடுப்படிக்குள் அவள் கால் வைத்து வருஷக்கணக்காகியிருந்தது. மேஜையில் ஈரம் இருந்த இடத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு வேலைத்தாளை வைத்தாள்.

"கொஞ்சம் பாரு."

"நான் எதுக்கு அண்ணி? நாலு கட்டத்துலயும் உங்க பேருதான இருக்கு?"

"பேரு இருக்கட்டும். நீ பாரு."

"நான் இப்ப புகார் கவுன்ட்டர். பில்லுல ஏதாவது தப்பு இருந்தா சொல்லுங்க, பாக்கறேன்."

அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள். ஆபீஸ் தாளை வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம், அதுவும் அவளுக்குத் தெரியும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாவெறுப்பாகப் பக்கங்களைப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் சோதனைப் பட்டியல், நாற்பத்தோரு வரி. முத்து முத்தாக எழுதியிருந்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். லீவு நாள் வரி இல்லை. கடைசி வரிக்குக் கீழே, வழக்கமாக நான் எழுதுகிற இடம் வெள்ளையாக இருந்தது. என் விரல் அங்கே நின்றது.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒன்பது வருஷம் நான் எழுதி எழுதி, அந்த வரி தன் வேலையில்லை என்று அவள் மனதில் பதிந்துபோயிருந்தது. நாலு கட்டமும் கைக்கு வந்தபோது பெயர்தான் நாலு முறை வந்தது, கண் ஒன்றுதான். அந்த வரி இல்லாமல் மாற்றினால் ஏதாவது இடறும் என்று எனக்குத் தெரிந்தது. என்னவென்று அந்த நிமிஷம் கணக்குப் போடவில்லை. நாலு பேருக்கு லைன் கட்டாகும், ஆபீஸில் அவள் மூக்கு உடைபடும், சிக்கனம் என்னை மறுபடி மேலே கூப்பிடுவார் என்று மட்டும் நினைத்தேன். அப்படியே, அந்த வரிசையிலேயே நினைத்தேன்.

"நீங்க பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று மூடிக் கொடுத்தேன்.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தாளை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

"அக்கா எதுக்கு வந்தா?" என்று ஹாலிலிருந்து அவர் கேட்டார்.

"மோட்டார் போடச் சொல்ல" என்றேன்.

செவ்வாய்க்கிழமை மாற்றினார்கள். சனிக்கிழமை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சிக்கனம் தன்னைத்தானே பாராட்டிப் பெரிய ஆபீஸுக்கு ஒரு கடிதம் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை கவுன்ட்டரில் நானும் வாசலில் காவல்காரரும்தான். பதினொன்றே காலுக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். குரல் படபடத்தது.

"கேஸ் நாத்தம் அடிக்குதுங்க. கேஸ் கம்பெனிக்குப் போட்டா ரிங்கே போகாம கட்டாகுது. மூணு தடவை போட்டுட்டேன்."

அந்த நொடியில் முழுக் கணக்கும் தானாக ஓடியது. பெட்டிகளில் பழைய காலத்துக் காவல் ஒன்று உண்டு. நான் என் நம்பரை உங்களுக்குத் திருப்பி, நீங்கள் உங்களுடையதை எனக்குத் திருப்பிவிட்டால், யாரோ போட்ட போன் கால் நமக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால், ஒரு போன் கால் ஒரே பெட்டியின் வாசலுக்கு நாலாவது முறை வந்தால் வெட்டிவிடு என்று எழுதிவைத்திருந்தார்கள். வேலை நாளில் கேஸ் கம்பெனி ஆபீஸிலேயே ஒருவர் எடுத்துவிடுவார், தொல்லையில்லை. லீவு நாளில் கூப்பிடுகிறவர் வேலைக்கு ஒரு முறை, திருப்பிவிட்ட ஆபீஸ் நம்பருக்கு ஒரு முறை, டூட்டி ஆட்களின் குழுவுக்கு ஒரு முறை, அவர்களில் ஒருவரின் சொந்த நம்பருக்கு ஒரு முறை என்று அந்த போன் கால் வாசலுக்கு வரும். மூன்று பெட்டி இருந்தபோது எந்த வாசலிலும் இரண்டைத் தாண்டியதில்லை. இப்போது நாலும் ஒரே வாசல். பெட்டி தன் காவல் வேலையைச் சரியாகச் செய்து வெட்டிக்கொண்டிருந்தது.

"ஜன்னல் எல்லாம் தெறந்துட்டு வெளிய வாங்க. சுவிட்ச் எதையும் தொடாதீங்க. அக்கம்பக்கத்துலயும் சொல்லுங்க" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போட்டேன்.

"அண்ணி, லீவு திருப்பல்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பதினான்கு நிமிஷத்தில் மூன்றாவது மாடியில் இருந்தாள். நாலு என்று இருந்ததைப் பன்னிரண்டாக்கினாள், உடனே போன்கள் போக ஆரம்பித்தன. மறுநாள், வாசலை வைத்து எண்ணாமல் வேலையை வைத்துத் தனித்தனியாக எண்ணும்படி மாற்றினாள். அந்தப் பெட்டி இன்றைக்கும் மூன்று வேலையையும் ஒழுங்காகப் பார்க்கிறது. எனக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் காரணம் தெரிந்தது என்று மட்டும் அவள் கேட்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அந்தப் பதினான்கு நிமிஷத்துக்குள், போன் செய்த பெண்ணின் புருஷன் சிலிண்டர் வால்வை மூடப் பார்க்கிறேன் என்று உள்ளே போயிருக்கிறார். சிலிண்டர் இருந்த மூலை இருட்டாக இருக்கிறதே என்று பழக்கத்தில் லைட்டைப் போட்டிருக்கிறார். உயிர் தப்பியது. இரண்டு கையும் முழங்கை வரை வெந்துபோயிற்று. அவர் தொழில் முடிவெட்டுவது.

மூன்று வாரம் கழித்து விசாரணை. பெரிய ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்தார், மென்மையாகப் பேசுகிறவர். மேஜைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் சிக்கனம். புகாரை முதலில் வாங்கியவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"திட்டமிட்டது யாரு?"

"நான்."

"செஞ்சது?"

"நான்."

"சரிபாத்தது?"

"நான்."

"ஒப்புதல்?"

"நான்தான், சார்."

"ஒரே பேரு வரக்கூடாதுன்னு விதி இருக்கே?"

அவள் சிக்கனத்தைப் பார்த்தாள். சிக்கனம் தன் பேனாவைப் பார்த்தார். "நான் அப்படி எதுவும் எழுதிக் குடுக்கலைங்க" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் அந்த மனிதரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இருபத்தேழு வருஷ வேலை. இன்னும் நாலு கேள்வியில் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அவள்மேல் பாசம் பொங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். வெந்துபோன அந்தக் கைகள் மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. எழுந்து நின்றேன்.

"சார், மேனேஜர் பேப்பர்ல எழுதிக் குடுக்காட்டியும் வாயால சொன்னாரு, நானே காதால கேட்டேன். இன்னொண்ணும் சொல்லணும். மாத்தறதுக்கு முந்தின நாள் இவங்க அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டாந்து எங்கிட்ட காட்டினாங்க. தப்பு எங்கன்னு நான் பாத்துட்டேன். பாத்துட்டுச் சொல்லல."

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "உண்மையாம்மா?"

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொய், சார். நானும் இவளும் வீட்டுல பேசிக்கிறதே இல்ல. ஆபீஸ்ல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"அது வாஸ்தவம் சார். இவங்க ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. ஊருக்கே தெரியும்" என்று சிக்கனம் முந்திக்கொண்டார். அவர் அந்த அறையில் சொன்ன ஒரே உண்மை அது.

அதிகாரி என்னைப் பரிவாகப் பார்த்தார். "குடும்பத்துப் பாசம் எனக்குப் புரியுதும்மா. ஆனா இந்தத் தாள்ல உங்க பேரு எங்கயும் இல்ல. உக்காருங்க."

பாசமாம்! பதினாறு வருஷம் நாங்கள் வளர்த்த பகை, என் வாக்குமூலத்தைப் பொய்யாக்கிவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டு மாடிப்படியில் அவளை மறித்தேன். "ஏன் அண்ணி பொய் சொன்னீங்க?"

"தாளை வெளிய கொண்டாந்தா பாத்தவளுக்கும் வேலை போகும். ரெண்டு பேரும் வீட்டுல உக்காந்தா என் தம்பி ஒருத்தன் சம்பளத்துல எப்படி ஓட்டுவான்? உனக்காகப் பண்ணேன்னு நெனச்சுக்காத."

"நான் நெசத்தைத்தான சொன்னேன்?"

"தெரியும். மூணாம் பக்கத்துல உன் விரல் நின்னுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் சாவிக் கொத்தைக் கையில் மாற்றிக்கொண்டாள். "கேட்டிருக்கணும். உங்கிட்டப் போயி என்ன தப்புன்னு கேக்கணுமான்னு இருந்துச்சு. மேல போயி மறுபடி மறுபடி பாத்தேன். கண்ணுக்குப் படல. நீ வேணும்னே பயமுறுத்தறேன்னு நெனச்சு விட்டுட்டேன்." பிறகு குரல் மாறிச் சொன்னாள், "நான் கேக்காதது என் திமிரு. நீ சொல்லாதது என்னன்னு நீயே பேரு வெச்சுக்க. அந்த ஆளு கடையில போயிப் பாரு. நான் போயிட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பத்து நாளில் அவளை நீக்கி உத்தரவு வந்தது. இப்போது ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் போன் எடுக்கிறாள். ஆரம்பித்த இடத்துக்கே போய்விட்டாள் என்று என் வீட்டுக்காரர் அழுதார். அவர் டிவியை அணைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிக்கனத்தை வேறு ஊருக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு. ஒரே பெயர் விதியை மறுபடி கொண்டுவந்தார்கள். சரிபார்க்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று என்னை மூன்றாவது மாடிக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் அன்று அடுப்படியில் ஆசைப்பட்டது எனக்குக் கிடைத்துவிட்டது.

அந்தக் கடைக்குப் போக எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. சின்னக் கடை, இரண்டு நாற்காலி. ஒன்றில், கை வெந்தவருடைய மச்சான் யாருக்கோ முடிவெட்டிக்கொண்டிருந்தார். இன்னொன்றைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். கை வெந்தவரோ, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில், இரண்டு கையிலும் இறுக்கமான பழுப்பு உறையோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி தரையில் கிடந்த முடியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். டெலிபோன் கம்பெனி என்று நான் வாயெடுத்ததும் துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு வந்தாள்.

"இந்தக் கொரலு எனக்குத் தெரியும்! அன்னைக்கு ஜன்னலத் தெறக்கச் சொன்னது நீங்கதான? நீங்க மட்டும் சொல்லாம இருந்திருந்தா நாங்க யாருமே இல்லைங்க."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இருந்தபோதே சொன்னால்தான் உண்டு, விட்டுவிட்டால் சொல்ல மாட்டேன் என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். தாள், மூன்றாம் பக்கம், நான் மூடிக் கொடுத்தது. எங்கே முடிக்கிறதென்று தெரியாமல் சொல்லிக்கொண்டே போனேன். அவள் கை எப்போது விலகியது என்று நான் கவனிக்கவில்லை. மச்சானின் கத்தரி நின்றுவிட்டிருந்தது.

பெஞ்சில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார்.

"முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க. எல்லாம் என் தப்பு, வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்லைன்னாங்க. தப்பு தன் கண்ணுல படலைன்னாங்க. அவங்களுக்கு வேலை போச்சாமே?"

"ஆமாங்க."

"நீங்க பாத்தீங்க."

"பாத்தேன்."

"இப்ப எங்க வேலை செய்யறீங்க?"

"அதே ஆபீஸ்லதாங்க" என்றேன்.

"அங்க என்ன வேலை?"

அவர் மனைவி குனிந்து துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். பொய் சொல்லியிருக்கலாம். கவுன்ட்டர் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது?

"சரிபாக்கறது" என்றேன்.